பெண் பார்க்கும் நாளில் ஒரு சைன், ஒரு காஸ்

கெட்டிக்காரி என்று ஊரில் பெயர் வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கஷ்டமான கேள்வியைக் கண்டால் அவர்களுக்குப் பயம் வராது. லேசான கேள்வியைக் கண்டால்தான் வரும். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அதன் வாயைப் பிளந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். (மாடு வாங்கப் போகிறவர்களாவது பல்லைப் பார்த்த பிறகு விலை பேசுவார்கள். நாங்கள் பேச மாட்டோம். பார்த்துக்கொண்டே இருப்போம்.)

எனக்கு இந்த வியாதி முற்றி வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுபதுகளின் ஆரம்பம். அன்றுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அப்பா ஒரு சின்ன லாட்ஜ் நடத்திவந்தார். சீசனில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மற்ற மாதங்களில் மருந்துக் கம்பெனி ஆட்களும், வழி தவறியவர்களும் வருவார்கள். முன் ஹாலில் ஒரு கரும்பலகை இருக்கும். அன்றன்றைய டிபனை அதில் எழுதுவது என் வேலை. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு வந்த பெண்ணுக்கு "இட்லி, பொங்கல், வடை" என்று எழுதும் உத்தியோகம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் அப்பா விருந்தாளிகளிடம், "போர்டு எழுதினது யார் தெரியுமா? பி.எஸ்ஸி. மேத்தமேட்டிக்ஸ்!" என்பார். வடைக்கு வந்தவர்கள் என்னை ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள்.

அந்த மரியாதை என் தலைக்கு ஏறியிருந்தது. அதிலும் இன்டெக்ரேஷன் என்றால் நான் ராணி. கணக்கு தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. (தெரிந்தவர்கள் இந்த இடத்தில் காப்பி குடித்துவிட்டு வரலாம்.) இன்டெக்ரேஷன் கணக்கு சிக்கலாக வந்தால், அதற்குள் இருக்கும் ஒரு துண்டைப் பிடித்து, "இனிமேல் உன் பெயர் டி" என்று ஞானஸ்நானம் செய்துவிட வேண்டும். சரியான துண்டைப் பிடித்தால் மொத்தக் கணக்கும் சாதுவாகிப் பின்னாலேயே வந்துவிடும். தப்பான துண்டைப் பிடித்தால் முள்ளில் சிக்கிய சேலைதான். இழுக்க இழுக்கக் கிழியும். எந்தத் துண்டைப் பிடிப்பது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

நான் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளவில்லை. தேவை இருப்பதாகவே நினைக்கவில்லை. ஏனென்றால் என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. அதன் பெயர் டேன் எக்ஸ் பை டூ. சைனும் காஸும் கலந்து எந்தக் கணக்கு வந்தாலும், டேன் எக்ஸ் பை டூவை டி என்று வைத்துவிட்டால் சைன், காஸ் எல்லாம் மறைந்து வெறும் டி-க்கள் மட்டும் மிஞ்சும். கட்டாயம் வேலை செய்யும். ஆனால் வேலை செய்யும் என்பது வேறு, வேலை குறையும் என்பது வேறு. வேறு வழி எதுவும் இல்லாவிட்டால் மட்டுமே இதைக் கையில் எடுக்கவும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. புத்தகத்தில் நான் படிக்காமல் விட்ட ஒரே வரி அதுதான்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழனி. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மாப்பிள்ளை மட்டும் கடையில் உட்காராமல், மதுரையில் ஒரு காலேஜில் கணக்கு வாத்தியாராகிவிட்டார். பெயர் சுப்பிரமணி. (பழனிக்காரர் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்ள முடியும்?) அவரும் அவருடைய அப்பாவும் அத்தையும் வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தபோது மூவருக்கும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பழனி வெயிலில் கிளம்பியவர்கள், ஸ்வெட்டர் என்ற எண்ணமே இல்லாமல் வந்துவிட்டார்கள். அப்பா லாட்ஜின் சிவப்புக் கம்பளிகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று போர்த்தினார். அத்தை கம்பளிக்குள் புகுந்து முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார். அந்த முகமே போதுமானதாக இருந்தது. அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவர்தான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

எனக்கும் குளிர்தான். ஆனால் அம்மா ஸ்வெட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "பட்டுச் சேலைக்கு மேல ஸ்வெட்டரா? வந்தவுக சேலையப் பாக்க வேணாமாடி?"

ஆகையால் நடுங்கிக்கொண்டே காப்பித் தட்டோடு வந்தேன். டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின.

"பிள்ளைக்கு வெக்கம்" என்று மாப்பிள்ளையின் அப்பா திருப்தியோடு சொன்னார்.

எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் தட்டு மாற்றிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து அவர்கள் இறங்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் தயார். அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பாட்டு வருமாம்மா?"

எனக்குப் பாட்டு வராது. வரவழைக்கப் பார்த்து ஒரு பாட்டு டீச்சர் மனம் நொந்து மலையிறங்கிப் போயிருந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"பாட்டு வராதுங்க மதினி. கணக்குத்தான் வரும். அதுல இவள அடிச்சிக்க ஆளு கெடையாது."

"அப்ப ஒரு கணக்கப் போடட்டும், பாப்போம்" என்றார் அத்தை.

அத்தை கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து நியாயம் பேசினார். "பாட்டு வருதுன்னா பாடச் சொல்லிக் கேக்குறோம். சமையல் வருதுன்னா பஜ்ஜியத் தின்னு பாக்குறோம். கணக்கு வருதுன்னா மட்டும் சும்மா நம்பிட்டுப் போயிருவமா?"

மாப்பிள்ளை நெளிந்தார். "அத்தே, சும்மா இருங்க. நல்லாவா இருக்கும்?"

"ஏலே, நீ காலேஜ்ல என்ன சோலி பாக்குற? கணக்குத்தானே சொல்லிக் குடுக்குற? ஒண்ணு கேளு. வெரசாக் கேளு, நேரமாகுது."

அப்பா இதற்குள் எழுந்து போய்விட்டார். கரும்பலகையைத் தூக்கிவந்து நாற்காலி மேல் சாய்த்து வைத்து, 'மாலை: வெங்காய பஜ்ஜி, கேசரி' என்று இருந்ததைத் தோள் துண்டாலேயே துடைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகளுக்குக் கச்சேரி மேடை போட்டுக் கொடுக்கிற தகப்பன்!

மாப்பிள்ளை தரையைப் பார்த்து யோசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "சைன் எக்ஸ் இன்ட்டு காஸ் எக்ஸ். இன்டெக்ரேட் பண்ணுங்க."

அவ்வளவுதான். இன்டெக்ரேஷன் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே போடுகிற கணக்கு. சைனைப் பிடித்து டி என்று வைத்தால், காஸ் தானாகவே அதன் கூட வந்துவிடும். டி ஸ்கொயரில் பாதி. முடிந்தது கதை. நின்ற நிலையில், காப்பி ஆறுவதற்குள் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

நான் போகவில்லை. காலேஜ் வாத்தியார் போயும் போயும் இதையா கேட்பார் என்று தோன்றியது. என்னை மட்டமாக எடை போடுகிறாரா? இல்லை, லேசான கணக்கு மாதிரி காட்டி உள்ளே ஏதாவது பொறி வைத்திருக்கிறாரா? ஓரக்கண்ணால் பார்த்தேன். அவருடைய மீசை நுனி துடித்தது. சிரிக்கிறார்! (குளிர் என்று பிற்பாடு தெரிந்தது.)

இருக்கட்டும், நான் யார் என்று காட்டுகிறேன். சாக்பீஸை எடுத்தேன். பலகையின் உச்சியில் கணக்கை எழுதினேன். அதன் கீழே, கோயில் வாசலில் கோலம் போடுகிற பக்தியோடு, 'டி = டேன் எக்ஸ் பை டூ' என்று எழுதினேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அடுத்த வரி எழுதினேன். சைன் இருந்த இடத்தில் ஒரு பின்னம். காஸ் இருந்த இடத்தில் ஒரு பின்னம். டிஎக்ஸுக்கு ஒரு பின்னம். எல்லாவற்றையும் பெருக்கினேன். பலகையில் டி-யும் டி ஸ்கொயரும் தீபாவளிக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்தன. இரண்டே சொல்லாக வந்த கணக்கு, இப்போது பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிடந்தது.

சபைக்கோ ஆனந்தம்.

"எம்புட்டு எழுதுது பாருங்க!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "நாங்க பஞ்சாமிர்தம் கிண்டுற மாதிரி விடாமல்ல கிண்டுது பிள்ளை!"

அப்பா நான் ஒவ்வொரு சமக்குறி போடும்போதும் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். தாளம். அம்மா கண்ணை மூடித் திறந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தைகூடக் கம்பளியிலிருந்து தோள் வரை வெளியே வந்துவிட்டார். அந்த ஹாலில் முகம் வாடிப்போயிருந்தவர் ஒரே ஒருத்தர்தான். ஆள் தண்ணீரில் மூழ்குவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கிறவர் மாதிரி மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகை நிறைந்தது. அப்பா ஓடிப்போய்ச் சாப்பாட்டு அறையில் 'கை கழுவிவிட்டு உட்காரவும்' என்று எழுதித் தொங்கிய பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதே சமயம் ஜன்னல் வழியாக மூடுபனி, எங்கள் ஊர் பாஷையில் மிஸ்ட், உள்ளே வந்தது. எங்கள் ஊர் மிஸ்ட்டுக்கு நேரம் காலம் தெரியாது. பலகை ஈரமாகி, சாக்பீஸ் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. எழுதியது தெரியாமல் ஒரே வரியை மூன்று தடவை எழுதினேன். ஜன்னலைச் சாத்தச் சொல்லி அம்மா கத்தினாள்.

லாட்ஜில் தங்கியிருந்த மருந்துக் கம்பெனிக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து பலகைக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னிக்கு டிபன் என்ன சார் இது?"

"செத்தப் பொறுங்க சார். பாப்பா முடிக்கட்டும்" என்றார் அப்பா. கம்பெனிக்காரர் பயபக்தியோடு ஓரமாக நின்றுகொண்டார்.

பாப்பாவுக்கு முடிகிற வழியைக் காணோம். மேலே நாலு டி, பக்கத்தில் ஒன்று மைனஸ் டி ஸ்கொயர், கீழே ஒன்று பிளஸ் டி ஸ்கொயர், அதற்குத் தலையில் மூன்று. அப்போதும் கெட்டுப்போகவில்லை. கீழே இருக்கும் அந்த ஒன்று பிளஸ் டி ஸ்கொயரைப் பிடித்து அதற்கு வேறு பெயர் வைத்திருந்தால் கரை ஏறியிருக்கலாம். ஆனால் புத்தி எங்கே போகும்? ஒன்று பிளஸ் டி ஸ்கொயரைக் கண்டதும், ஹாஸ்டலில் உருப்போட்டது நாக்கில் வந்தது: இப்படி வந்தால் டேன் போடு! 'டி = டேன் தீட்டா' என்று எழுதினேன். ஏற்கெனவே போட்ட டேனுக்கு மேலே இன்னொரு டேன்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் பலகையில் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பின்னங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்தன. வரிகள் சுருங்கின. பெரிசு பெரிசாக இருந்ததெல்லாம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. கண்ணில் நீர் வராத குறையாகக் கடைசி வரியை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, சபையைப் பார்த்துத் திரும்பினேன். அந்த வரி: 'இரண்டு சைன் டூ தீட்டா இன்ட்டு காஸ் டூ தீட்டா.'

அப்பா கை தட்டினார். மருந்துக் கம்பெனிக்காரரும் தட்டினார்.

அத்தை மட்டும் கழுத்தை நீட்டி முதல் பலகையின் உச்சியைப் பார்த்தார். பிறகு இரண்டாவது பலகையின் அடியைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரே மாதிரி இரண்டு உருவத்தைக் கண்டால் தெரியாதா?

"ஏலே சுப்பிரமணி, மொதல்ல எழுதுனதும் இதே மாதிரித்தானல கெடக்கு?"

அதே மாதிரிதான் கிடந்தது. தீட்டா என்பது வேறு யாருமில்லை, எக்ஸில் பாதி. இரண்டு தீட்டா என்றால் எக்ஸ். மாப்பிள்ளை கேட்ட கேள்வியை இரண்டு பலகை நிறைய எழுதி, நடுவில் ஊரையே சுற்றி, கடைசியில் அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். கோடு போட்டு!

சுவர்க் கடிகாரம் நாலரைக்கு ஒரு தடவை அடித்தது.

"போச்சு. ராகுகாலம்" என்றார் அத்தை, வெற்றிலைத் தட்டைப் பார்த்து. "பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா ஒரு கணக்குக்கு இம்புட்டு நேரமின்னா, இது உலை வச்சு எப்ப சோறு வடிக்கும்?"

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்குக் காதெல்லாம் கொதித்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை எழுந்து வந்தார். இருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, முதல் பலகையின் உச்சியில், என் கணக்குக்குப் பக்கத்தில், ரொம்ப மெதுவாக, ரொம்பச் சின்ன எழுத்தில், 'டி = சைன் எக்ஸ்' என்று எழுதினார். என்னை மன்னித்துவிடு என்கிற மாதிரி எழுதினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அது எனக்குத் தெரியும்!" என்றேன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளையிடம் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் கத்தி.

"தனம்!" என்றாள் அம்மா.

நான் நிறுத்தவில்லை. "தெரியாமலா பி.எஸ்ஸி. வாங்குனேன்? அம்புட்டு லேசான கணக்க எதுக்குங்க கேட்டீங்க? என்னைய என்னன்னு நெனச்சீங்க?"

அவர் அரண்டுபோய் ஓரடி பின்னால் வைத்தார். "இல்லீங்க... லேசாக் கேட்டா வெரசா முடிச்சிருவீங்க, நாங்களும் பஸ்ஸப் பிடிச்சிரலாம்னு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை, கீழே ரோட்டில் நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. வத்தலக்குண்டு போகிற கடைசி பஸ். நாங்கள் எல்லாரும், மருந்துக் கம்பெனிக்காரர் உட்பட, அது வளைவு வளைவாக இறங்கித் தேய்ந்து போகிற வரை நின்று கேட்டோம்.

அவர்கள் அன்று எங்கள் லாட்ஜிலேயே தங்கும்படி ஆயிற்று. நிராகரித்த பெண்ணின் வீட்டிலேயே ராச்சாப்பாடு சாப்பிட வேண்டிய கஷ்டம் உலகத்தில் எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் வரக்கூடாது. அம்மா அடுப்படியில் என்னிடம் என்ன பேசினாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. சுருக்கமாக, பாட்டு டீச்சரை நான் விரட்டியதில் ஆரம்பித்தாள்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, யாரும் பார்க்கிறதற்கு முன்னால் அந்தப் பலகைகளைத் துடைத்துவிடலாம் என்று ஹாலுக்கு வந்தேன். (ஸ்வெட்டர் போட்டிருந்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?) மாப்பிள்ளை கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கே நின்றிருந்தார். பலகையை ஏற்கெனவே துடைத்திருந்தார். அதில் புதிதாக ஒரு கணக்கு. மேலே ஒன்று. கீழே ஐந்து பிளஸ் நாலு காஸ் எக்ஸ்.

"இது லேசான கணக்கு இல்லீங்க" என்றார் அவசரமாக. "நேத்து அப்படிக் கேட்டது என் தப்புத்தான். ராத்திரியெல்லாம் யோசிச்சு இதப் பிடிச்சேன்."

சாக்பீஸை வாங்கினேன். கை தானாக டேனுக்குத் தாவியது. பிடித்து நிறுத்தினேன். நின்று, அந்தக் கணக்கைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை எழுதத் தொடங்கும் முன் பார்த்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. காஸைப் பிடித்தால்? கூட வர ஒரு சைன் வேண்டும். இல்லை. கீழே இருக்கிற மொத்தத்தையும் பிடித்தால்? அதற்கும் சைன் வேண்டும். அதுவும் இல்லை. சைனைப் பிடிக்கலாம் என்றால் சைனே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுத் திரும்பினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கு டேன் எக்ஸ் பை டூதாங்க போடணும்" என்றேன்.

"ஆமாங்க" என்றார். அப்போதுதான் அவர் சிரிப்பதைப் பார்த்தேன். குளிரில் மீசை துடிப்பது வேறு, இது வேறு. "வெரசாப் போடுங்க. திங்கக்கிழமை ஏழரைக்கே ராகுகாலம் வந்திருமாம். அத்தை எந்திரிச்சதுலருந்து சொல்லிக்கிட்டே இருக்கு."

போட்டேன். பின்னங்கள் வந்தன. தாமாகவே கலைந்து போயின. கீழே ஒன்பது பிளஸ் டி ஸ்கொயர் மட்டும் சமர்த்தாக மிஞ்சியது. நாலே வரி. விடையை எழுதி, இன்டெக்ரேஷன் விடைக்கு வால் மாதிரி ஒட்ட வேண்டிய சி-யையும் மறக்காமல் சேர்த்தேன்.

"அத்தே, தட்ட எடுங்க!" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அத்தை கம்பளியோடு வந்தார். பலகையின் மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"மொத எழுதுனதே மறுபடி வந்திருக்கா?"

"இல்ல அத்தே. வேற ஒண்ணு வந்திருக்கு."

"அப்பச் சரி" என்றார் அத்தை. தட்டு மாறியது. அப்பா பலகையைத் துடைக்க மறுத்துவிட்டதால் அன்று லாட்ஜில் யாருக்கும் டிபன் என்ன என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தை எங்களோடுதான் இருந்தார். கணக்கில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் டேன் என்ற சொல்லை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். லேசான காரியத்தை யாராவது இழுத்தடித்தால் போதும். "ஏண்டி, ஒரு ரசத்துக்குப் போயி டேன் போடுற?" சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழற்றும் பேரனிடம், "டேன் போடாதடா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு." பழனிக்குப் போகும்போதெல்லாம் அங்கேயும் சொல்லிச் சொல்லி, கடையில் பொட்டலம் கட்டுகிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அடிவாரத்தில் பத்துக் கடைக்குப் பரவியது. என் மகள் காலேஜில் நிஜமான டேனைப் படித்தபோது, "இது நம்ம வீட்டு வார்த்தையாச்சே, வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

போன மாதம் நானும் அவரும் பழனி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். முன் சீட்டில் ஒரு பெண், எங்களுக்கு முன்பின் தெரியாதவள், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டரை அதட்டினாள்: "ஏண்ணே, நேராப் போகாம ஏன் டேன் போட்டுப் போறீக?"

இவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, சில ஊருக்கு அந்த வழியாகத்தானம்மா போக முடியும் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் மொத்தக் கதையையும் சொல்ல வேண்டிவரும். எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிவிட்டோம்.